சாமந்திக்கு வந்த கலர்

என் நாத்தனார் கப்பலேறியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமையே அவளுடைய கண்ணாடித் தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம். நான்கு பேர் மூச்சு வாங்க வாங்க மூன்று மாடி ஏற்றினார்கள். கடல் தண்ணீர் தனியாக ஒன்பது கேன்களில், கற்கள் இரண்டு வாளிகளில். கடல் சாமந்தியை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் போட்டு, காய்ச்சல் கண்ட குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோகிறவள் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

பெயரில்தான் சாமந்தி. அது பூவும் இல்லை, செடியும் இல்லை; ஒரு பிராணி. அடியில் ஒரே ஒரு கால், நடுவில் ஒரே ஒரு வாய், வாயைச் சுற்றி நூற்றுக்கணக்கில் விரல்கள். அந்த விரல்களுக்கு எலும்பு கிடையாது. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எல்லாம் சாயும், பிறகு நினைத்துக்கொண்டது போல் திரும்பி வரும். நிறம் மழையில் நனைந்த மரப்பட்டையின் பழுப்பு. அதற்குள் ஓர் ஆரஞ்சு மீன் குடியிருந்தது. பகலெல்லாம் சுற்றிவிட்டு, களைத்தால் அந்த விரல்களுக்கு நடுவில் வந்து விழுந்து கிடக்கும்.

கடலடியில் கேபிள் பதிக்கிற கப்பலில் அவளுக்கு வேலை. இந்த முறை ஐந்து மாதம். கப்பலுக்கு வாரம் ஒரு முறை மெயில் போகும், வரும். எழுத்து மட்டும்தான், படம் அனுப்பினால் பாதி வழியில் நின்றுவிடும்.

“வாராவாரம் எழுதுங்க அண்ணி. உங்களுக்குத்தான் எழுத வருமே” என்றாள்.

வெறும் பேச்சில்லை அது. எங்களுக்குள் பதினோரு வருஷமாக மரியாதை உண்டு, ஒட்டுதல் கிடையாது. அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு கடிதம். அது வரவேண்டிய இடத்தில் வரும். இப்போதைக்கு இவ்வளவு போதும்: தொட்டியை ஒப்படைக்க அவளுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஐந்து மாதம் கழித்து அவள் வரும்போது அது உயிரோடு, கொடுத்த மாதிரியே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

குறிப்பு எழுதிய இரண்டு தாள் கொடுத்திருந்தாள். மூன்றாவது குறிப்பு: விளக்கு காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை எரிய வேண்டும்.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் இரவு வேலை பார்க்கிறவர். காலை ஆறரைக்கு மையும் எண்ணெயும் மணக்க வருவார், ஏழரைக்குக் கூடத்தில் பாயை விரிப்பார். படுக்கையறையில் காலை வெயில் அடுப்பு மாதிரி அடிக்கும். பகலில் தூங்க முடிகிற இடம் கூடம் ஒன்றுதான். தொட்டியும் கூடத்தில்தான். முதல் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, “உள்ளே இருக்கிறதுக்கு வெளிச்சம் வேணுமோ வேணாமோ, எனக்கு நிச்சயமா வேணாம்” என்றார்.

நான் விளக்கை அணைக்கவில்லை. குறிப்பில் எழுதியிருந்ததை மீறமாட்டேன். தடிமனான ஒரு போர்வையை மடித்துத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் விரித்தேன், முன்பக்கமும் கொஞ்சம் தொங்கவிட்டேன். கீழ்நோக்கி மட்டும் அடிக்கிற அந்த விளக்கு போர்வைக்கு மேலே ஒன்பது மணி நேரமும் எரிந்தது. போர்வையைப் பற்றி தாளில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே நான் குறிப்புப்படிதான் நடக்கிறேன் என்று வாராவாரம் எழுதினேன்: விளக்கு ஒன்பது மணி நேரம். தண்ணீரின் சூடு இருபத்தாறு. இறால் துண்டு இரண்டு முறை.

அந்த வாரங்கள் ஏதோ உறக்கத்தில் நடந்தவை போலத்தான் இப்போது தோன்றுகிறது. போர்வையின் ஓரத்தில் ஒரு நீலக்கோடு கசியும். தண்ணீரைச் சுற்றவிடுகிற மோட்டார் முணுமுணுக்கும். பாயில் அவர், தண்ணீருக்குள் மீன், இரண்டு பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அலுவலகம் கிளம்பும்முன் போர்வையின் நுனியைத் தூக்கி எட்டிப் பார்ப்பேன். சாமந்தி விரல்களை மெதுவாக ஆட்டிக்கொண்டிருக்கும். யாரையோ வா வா என்று கூப்பிட்டு, வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்கிற மாதிரி.

ஏழாவது வாரம் அதன் நிறம் இளகியது. முதலில் பட்டையின் பழுப்பு மணலின் பழுப்பாயிற்று. ஒன்பதாவது வாரம் வெள்ளை. வெறும் வெள்ளை இல்லை. உள்ளே விளக்கு வைத்த பீங்கான் மாதிரி, விரல் நுனியெல்லாம் கண்ணாடியாக, அப்படி ஓர் அழகு. மேல்வீட்டு அக்கா கத்தரிக்கோல் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து கால்மணி நேரம் நின்றார்.

“வந்தப்ப கருக்கல்னு இருந்துச்சு. உன் கை பட்டதும் கலராயிடுச்சு பாரேன்” என்றார். “என்ன போடுறே அதுக்கு? எனக்கும் சொல்லு.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கலர் என்றால் வெளுப்புதானே. அந்த வாரக் கடிதத்தில் வழக்கமான கணக்குகளுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: “சாமந்திக்கு இப்போது நல்ல கலர் வந்திருக்கிறது.”

பதில் வந்தது. வழக்கத்தைவிட இரண்டு வரி கூடுதல். அவள் எழுதியிருந்தாள்: “நல்ல கலர்னு படிச்சதும் நிம்மதியா இருந்துச்சு அண்ணி. இடம் மாறினா அது மங்கிடும்னு பயந்துட்டே இருந்தேன். உங்ககிட்ட கொடுத்தது சரிதான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அலுவலகத்திலும் இரண்டு முறை படித்தேன். அவள் கலர் என்றால் நிறம் என்று படித்தாள். நான் கலர் என்றால் வெள்ளை என்று எழுதியிருந்தேன். ஒரே வார்த்தை, நடுவில் அத்தனை கடல். அப்போது எனக்கு அது தெரியாது.

பதினோராவது வாரம் மீன் தீவனம் வாங்கக் கடைக்குப் போனேன். நாத்தனார் சாமந்தியை வாங்கிய அதே வண்ண மீன் கடை; கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். ஒரு கையால் தீவனத்தை அளந்துகொண்டே சாமந்தி எப்படி இருக்கிறது என்று கேட்டார். பால் மாதிரி வெளுத்து, பார்க்கிறவர்கள் கண் வைக்கிற அளவுக்கு அழகாக இருக்கிறது என்றேன். அளந்த கை நின்றது.

“எத்தனை நாளா வெள்ளையா இருக்கு?”

“ரெண்டு மூணு வாரமா.”

“சுருங்கியிருக்கா? வாய் திறந்தே கிடக்கா?”

நினைத்துப் பார்த்தேன். முன்பு சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது இப்போது டம்ளர் வாய் அளவுதான். இறால் துண்டை வாங்கிக்கொள்ளும், பிறகு பார்த்தால் மணலில் கிடக்கும். மீன் அதற்குள் படுப்பதையே நிறுத்தி, மோட்டார் மூலையில் தனியாகத் தூங்கியது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றையும் குறித்தும் வைத்திருக்கிறேன். ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

“அக்கா, அது அழகு இல்ல. பட்டினி” என்றார் கடைக்காரர். “வெளிச்சம் இல்லாம கிடந்திருக்கு. இப்படியே விட்டா இன்னும் மூணு வாரம் தாங்கினா பெரிசு.”

தீவனத்தை வாங்காமல் வந்துவிட்டேன்.

அன்று மாலை கடிதம் எழுத உட்கார்ந்தேன். மெயிலில் அனுப்புவதானாலும் முதலில் தாளில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். நான் வேலை பார்ப்பது தையல் இயந்திரம் விற்கிற ஒரு கம்பெனியில். ஊசி உடைந்தது, சக்கரம் சுற்றவில்லை என்று வருகிற புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் கற்ற அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வரிசை மாறாமல் இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். கம்பெனி மேல் தப்பு என்று அவற்றில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் வருத்தம் தாராளமாக இருக்கும். என் கை அந்தப் பழக்கத்திலேயே ஓடியது. “தட்பவெப்ப மாற்றம் உள்ளிட்ட பல காரணங்களால் சாமந்தியின் தோற்றத்தில் சிறு மாறுதல் காணப்படுவதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலிருந்து படித்தார்.

“இதுல செத்தது யாருன்னே தெரியலையே” என்றார்.

“இன்னும் சாகல.”

“அப்ப அதையாவது எழுது.” சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “போர்வை நான் கேட்டதாலதானே போட்டே. என் பேரை எழுதிக்கோ. தங்கச்சி என்னைத் திட்டினா எனக்குப் பழக்கம்தான்.”

அவர் போனபிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அதில் பொருள் என்ற வரி இல்லை.

“சின்னவளுக்கு. சாமந்தி வெளுத்துவிட்டது. ‘நல்ல கலர்’ என்று நான் எழுதியது அந்த வெள்ளையைத்தான். பத்து வாரமாக விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் போர்வை போட்டிருந்தேன். போட்டது நான். இன்று எடுத்துவிட்டேன். அது பிழைக்குமா என்று தெரியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. கலர் என்று எழுதி உனக்கு நான் தீங்கு செய்வது இது இரண்டாவது முறை.”

முதல் முறை இது. பதினோரு வருஷத்துக்கு முன் அவளுக்கு வரன் தேடியபோது வீட்டுக் கடிதங்களை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு வீட்டுக்கு அவளைப் பற்றி எழுதினேன்: படிப்பு, வேலை, உயரம், குணம், எல்லாம் வரிசையாக. கடைசியில், மறைத்தோம் என்று பேச்சு வரக்கூடாதே என்று, “கலர் மட்டும் சற்றுக் கம்மி” என்றும் எழுதினேன். தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடமே கொடுத்தேன். உறை ஒட்டியிருக்கவில்லை. என் எதிரிலேயே எடுத்துப் படித்துவிட்டாள். பசை தடவி ஒட்டி, தபாலிலும் போட்டுவிட்டாள். அந்த வரன் அமையவில்லை. அதன்பிறகு அவள் வேறெதற்கும் சம்மதிக்கவும் இல்லை. அந்த வருஷமே கப்பல் வேலைக்கு மனுப் போட்டாள். கரைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், அண்ணி என்று கூப்பிடுவாள். ஆனால் ஒரு பொழுதுகூடத் தங்கமாட்டாள். விடுதியில் அறை எடுத்துவிடுவாள்.

பதில் வர ஏழு நாளாயிற்று. அந்த ஏழு நாளில் சாமந்தி காலைப் பெயர்த்துக்கொண்டது. பாறையில் பிடித்திருந்த பிடி தளர்ந்து, மணலில் உருண்டு, மோட்டாரின் உறிஞ்சும் வாயை நோக்கிப் போனது. போயிருந்தால் சல்லடையில் மாவு மாதிரி ஆகியிருக்கும். நான் காய் அலசுகிற ஓட்டைக் கூடையை எடுத்து அதன்மேல் கவிழ்த்தேன், மேலே ஒரு கல் வைத்தேன். காலையில் வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, “ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சா?” என்று மட்டும் கேட்டார். பிறகு பாயைக் கொஞ்சம் தள்ளி விரித்து, முழு வெளிச்சத்தில் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

பிறகு வந்த மெயிலில் வரிசையாகப் பதினான்கு குறிப்புகள் இருந்தன. அதற்கு முன்னால் ஒரு பத்தி.

“அண்ணி, அதோட பழுப்புதான் அதுக்குச் சோறு போடுது. உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சம் பட்டா அந்தப் பாசி சமைக்கும், சாமந்தி சாப்பிடும். இருட்டுல பாசி போயிடுச்சு. இப்ப தெரியறது வெறும் தோல். கொஞ்சம் பாசி மிச்சமிருந்தா திரும்பப் பெருகும். கலரைப் பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க. விரலை வெச்சுப் பாருங்க. ஒட்டினா பிழைச்சிடுச்சுன்னு அர்த்தம்.”

இரண்டாவது முறை என்று நான் எழுதியதற்கு ஒரு வார்த்தையும் இல்லை.

பதினான்கு குறிப்பில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, திடீரென்று முழு வெளிச்சம் கூடாது. இருட்டில் கிடந்த உடம்பு எரிந்துபோகும். மெல்லிய வெள்ளைத் துண்டை நான்காக மடித்து மூடிமேல் போட வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு மடிப்புப் பிரிக்க வேண்டும். இரண்டு, ஊட்ட வேண்டும். இறாலைப் பயறு அளவுக்கு நறுக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், மோட்டாரை நிறுத்திவிட்டு, நீளமான இடுக்கியால் வாயருகில் கொண்டுபோய்க் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மோட்டாரை நிறுத்தியதும் வீடே மௌனமாகும். தண்ணீர் தட்டையாகிவிடும். இடுக்கியின் நுனியில் ஒரு பயறளவு இறால், அதற்கு எதிரே கண்ணும் காதும் முகமும் இல்லாத ஒரு வெள்ளை வாய். முதல் நாள் இருபது நிமிஷம் நின்றேன், அது வாங்கவில்லை. இரண்டாம் முறை வாங்கி, துப்பியது. மூன்றாம் முறை இடுக்கி ஆடாமல் இருக்க, பாயில் படுத்திருந்தவர் எழுந்து வந்து என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். அன்று இரண்டு விரல் மட்டும் வளைந்து, துண்டின்மேல் படிந்து, பொறுமையாக, மிகப் பொறுமையாக அதை உள்ளே கொண்டுபோயிற்று.

“முழுங்கிடுச்சு” என்றார் அவர். சொந்தத் தொண்டையில் எதுவோ இறங்கின மாதிரி சொன்னார்.

துண்டு நான்கு மடிப்பிலிருந்து மூன்றாயிற்று. கூடத்தில் நீலம் பரவியது. சுவரில் அலைகள் ஏறி இறங்கின. நாற்காலி, செருப்பு, மூலையில் இருந்த துடைப்பம் எல்லாம் அடியில் மூழ்கிய கப்பலின் சாமான் மாதிரி ஆடின. வெளிச்சத்தில் தூங்க முடியாது என்றவர் இப்போது முன்னைவிட ஆழ்ந்து தூங்கினார். கனவில் அச்சகமே தண்ணீருக்குள் ஓடுகிறது என்றும், அடித்த பேப்பரெல்லாம் மடிந்து மடிந்து நீந்திப் போகின்றன என்றும், தலைப்பைப் படிக்கலாமென்று துரத்தினால் அவை பாறை இடுக்கில் ஒளிந்துகொள்கின்றன என்றும் சொன்னார். அதைக் கடிதத்தில் எழுதினேன். இறால் கணக்குக்கும் சூட்டுக் கணக்குக்கும் நடுவில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

அவளும் எழுதினாள். வழக்கமான இரண்டு வரி பத்து வரியாயிற்று. கேபிள் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இறங்குகிறது என்றாள். அதோடு ஒரு கேமராவும் போகிறது. திரையில் பார்த்தால் நாள் முழுக்க இருட்டும், பனி மாதிரி விழுகிற தூசியும்தான். “நேத்து ஒரு சாமந்தி தெரிஞ்சுது அண்ணி. கேபிள் ஓரமா, அந்த ஆழத்துல, தன்னந்தனியா. வெள்ளை. அது பிறவியிலேயே வெள்ளை, அதுக்கு வெளிச்சமே தேவையில்ல, ஒரு குறையும் இல்ல. நம்மளுது வேற.”

நம்மளுது என்று எழுதியிருந்தாள்.

தினமும் அலுவலகம் கிளம்பும்முன் சட்டைக் கையை மடித்து, ஒரு விரலைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பேன். ஆறு வாரம் ஒன்றுமில்லை. அதன் விரல்கள் ஊறிப்போன நூல் மாதிரி என் விரல்மேல் நழுவிப் போகும். நான் கடிதத்தில் எழுதுவேன்: ஒட்டவில்லை. அடுத்த வாரம்: ஒட்டவில்லை. வெளுப்பும் அப்படியே. ஒரு மடிப்புத் துண்டுதான் பாக்கி. அவள் வர மூன்று வாரம் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, மணி எட்டே முக்கால். விரலை விட்டேன். பூனை நாக்கால் நக்கின மாதிரி ஒரு சொரசொரப்பு. கையை இழுத்தேன், அது கூடவே வந்தது. நான்கைந்து விரல்கள் என் விரலைப் பற்றிக்கொண்டு நீண்டன. இழுத்தால் அறுந்துவிடுமோ என்று அப்படியே நின்றேன். பஸ் போயிற்று, அடுத்த பஸ்ஸும் போயிற்று. பாயிலிருந்து ஒரு குரல், “இன்னும் கிளம்பலையா?” என்று கேட்டது.

“விடமாட்டேங்குது” என்றேன்.

அன்று தாமதத்துக்கு அலுவலகத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி அதை இருமுறை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

அவள் வந்தது ஒரு காலை, எட்டு மணிக்கு. தோளில் ஒரு பை, உடம்பெல்லாம் வெயில். அண்ணன் தூங்குகிறான் என்று செருப்பை வெளியிலேயே விட்டு, பூனை நடையாக உள்ளே வந்தாள். தொட்டிமுன் மண்டியிட்டாள். துண்டை எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சாமந்தி மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு விரிந்திருந்தது. நுனிகள் இன்னும் வெளிறித்தான் இருந்தன. அடியிலிருந்து தேநீர்க் கறை மாதிரி பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. கொடுத்த மாதிரியே இல்லை.

அவள் கையை விட்டாள். அது பற்றிக்கொண்டது. ஆரஞ்சு மீன் வந்து அவள் மணிக்கட்டை முட்டியது.

“என்னைப் பார்த்து முறைக்குது பாருங்க. என்னை யாருன்னு கேக்குது” என்று மெல்லச் சிரித்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: “ரெண்டாவது முறைன்னு எழுதியிருந்தீங்கள்ல. அதை நாலஞ்சு தடவை படிச்சேன்.”

“பதில் எழுதலையே.”

“உங்களுக்கு லெட்டர் எழுதறது லேசா அண்ணி? ஒரு வார்த்தை தப்பாப் போனா மாட்டிக்குவோம்.” இன்னொரு விரலையும் அதற்குக் கொடுத்தாள். “அந்த வீட்டுக்கு நான் போயிருந்தா இதெல்லாம் பார்த்திருக்கமாட்டேன். அதுக்காக நீங்க எழுதினது சரின்னு ஆயிடாது.”

“ஆகாது” என்றேன்.

“ம்” என்றாள். அவ்வளவுதான்.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கரைக்கு வந்து நான்கு நாளாகியும் தூக்கம் வரவில்லை, கட்டில் ஆடாமல் கிடப்பது என்னவோ மாதிரி இருக்கிறது என்றாள். விடுதிச் சாவி கையில் இருந்தது. சாமந்தி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் தலையும் கூடவே கொஞ்சம் சாய்ந்தது. சுவரில் முதுகை வைத்தாள், அப்புறம் தோளை வைத்தாள், பிறகு அண்ணனின் பாய் ஓரத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தே விட்டாள். சாவி விரலிலிருந்து நழுவி மணிச்சத்தத்தோடு விழுந்தது. இரண்டு பேரும் எழவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். இருவர் முகத்திலும் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஊட்டுகிற நாள் அது. மோட்டாரை நிறுத்தினால் சத்தம் அடங்கி விழித்துக்கொள்வார்களோ என்று, மாலைக்குத் தள்ளிவைத்தேன். இரண்டு பேருக்கும் குடிக்கத் தண்ணீர் எடுத்து வைத்து மூடினேன். அலுவலகப் பையை மாட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்று மாடியும் வெறுங்காலோடு இறங்கினேன்.